கடல் சாந்தமாகத் தெரியும் நாளில்தான் கள்ளக்கடல் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் எல்லா இதழ்களிலும் குமரி மாவட்டக் கடற்கரைகளைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் லெமூர் கடற்கரை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று ஊர்ப்பெயர்கள், போகும் வழி, பேருந்து விவரம், சூரியன் மறையும் நேரம், கூடவே அழகான படங்கள். அந்த வாரத்தில் கடல் எப்படி இருக்கும் என்ற ஒரு வரி மட்டும் எதிலும் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

கோடையில் கூட்டம் ஏன் மேற்குக் கரைக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கன்னியாகுமரி ஊரில் நின்று சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடிவது ஏறத்தாழ ஐப்பசி முதல் மாசி வரைதான். சித்திரை, வைகாசியில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடும். ஊரிலிருந்து பார்த்தால் கரைக்குப் பின்னால்தான் இறங்கும். இது தெரியாமல் வந்து ஏமாந்தவர்களிடம் ஆட்டோக்காரர்களும் விடுதிக்காரர்களும் மேற்கே போகச் சொல்கிறார்கள். சொல்வதும் சரிதான். முட்டத்தைத் தாண்டியதும் கரை வடமேற்காக வளைகிறது; அங்கிருந்து பார்த்தால் ஆண்டு முழுவதும் சூரியன் கடலில்தான் விழும். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல், மே மாதங்களில் மேற்குக் கரை நிரம்பி வழிகிறது. கள்ளக்கடல் வருவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான்.

கள்ளக்கடல் என்பது கேரளத்திலும் குமரியிலும் கடல்தொழில் செய்பவர்களின் சொல். கள்ளனைப் போல ஓசைப்படாமல் வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லையே அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. நம் கரையில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். அலையைக் கிளப்பிய புயல்காற்று வீசியது ஆயிரக்கணக்கான கி.மீ. தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில். அங்கே எழுந்த அலை நான்கைந்து நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டு வருவதால்தான் முன்கூட்டியே கணிக்கவும் முடிகிறது. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று தொடங்கினால் அது நம் மாவட்டத்துக் கடற்கரை ஏறத்தாழ முழுவதற்கும் என்று பொருள்.

அந்த எச்சரிக்கையைப் படிப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. அலை உயரம் ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் என்று இருக்கும். மெரினாவில் இதைவிடப் பெரிய அலையைப் பார்த்திருக்கிறோமே என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது உயரத்தை மட்டுமல்ல. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளூர்க் காற்றில் எழும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் அதன் நீளம் ஏறத்தாழ 56 முதல் 76 மீட்டர். பதினெட்டு நொடி இடைவெளியுள்ள கள்ளக்கடல் அலையின் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர். உயரம் ஒன்றுதான் என்றாலும், பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கரைக்கு வந்து தரை தட்டியதும் உயர்ந்து, உடைந்து, வழக்கமாக நனையாத மணலையும் தாண்டி ஏறிவிடும். ஏறிய தண்ணீர் திரும்பும்போதுதான் ஆளை எடுக்கிறது.

நம் மேற்குக் கரையின் வடிவமும் இதற்கு ஒத்துழைக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்போல நூறு மீட்டர் நடந்தாலும் இடுப்பளவு என்ற சங்கதி இங்கே இல்லை. திறந்த கடலின் அலையை ஆண்டு முழுவதும் நேராக வாங்கும் கரை இது. பல இடங்களில் மணல் செங்குத்தாகச் சரிந்திருக்கும். முதல் அடியில் முழங்கால், மூன்றாம் அடியில் கழுத்து. அலை கரைக்கு மிக அருகில் உடையும். திரும்பும் தண்ணீர் அந்தச் சரிவில் வேகமெடுத்துக் காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். கணுக்கால் நனைய நின்றவர் விழுவது இதனால்தான். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை தலைக்கு மேல் உடைந்துவிடும். நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே அங்கே நேரம் இருக்காது.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளைஞர்கள் ஐந்து பேர் இறந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கைக்கும் கரையில் நின்றவர்களுக்கும் இடையே இருந்த தூரம்தான் அந்த ஐந்து உயிர்கள்.

கையில் கைப்பேசி இருக்கும் எவரும் கடலைத் தாமே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கரையில் இறங்குவதற்கு முன் மேட்டிலேயே நில்லுங்கள். ஒரு பாறையையோ, அலை வழக்கமாக உடையும் ஓர் இடத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அலை உடையும்போது நேரத்தை ஓடவிட்டு, அதற்குப் பின் பத்தாவது அலை உடையும்போது நிறுத்துங்கள். வந்த நொடியைப் பத்தால் வகுத்தால் சராசரி இடைவெளி கிடைக்கும். எழுபது, எண்பது நொடி ஆனால் அது காற்றலை. நூறு, நூற்றிருபது என்பது இந்தக் கரையில் சாதாரணம். அதுவும் பாதுகாப்பான கடல் என்று பொருளல்ல. நூற்றைம்பதைத் தாண்டினால், அதாவது ஓர் இடைவெளி 15 நொடிக்கு மேல் போனால், அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம், பாறையிலும் ஏற வேண்டாம். சிறிய அலையை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எண்ணுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. குறி வைத்த இடத்தில் உடையும் ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும்.

ஒருமுறை எண்ணினால் போதாது. அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நான்கைந்து பெரிய அலை வந்து போனபின் கடல் குளம்போல் அடங்கும். வள்ளம் இறக்குபவர்கள் இந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் தள்ளுவார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்த அடங்கிய நேரத்தில் வந்து நின்று, இதுதான் இன்றைய கடல் என்று நம்பி இறங்கிவிடுகிறார்கள். கள்ளக்கடலில் இந்த அடக்கம் பத்து நிமிடம்கூட நீடிக்கலாம். அதனால் குறைந்தது இருபது நிமிடம் மேட்டிலிருந்து பாருங்கள். மணலில் ஈரக்கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே பத்தடி தள்ளித்தான் பையையும் பிள்ளைகளையும் வைக்க வேண்டும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். கள்ளக்கடலுக்கு முன்னால் அப்படியும் நடப்பதுண்டு.

சாதாரண நாளிலும் இருக்கும் ஆபத்து இழுப்பு. உடைந்த அலைகளின் தண்ணீர் கரையில் குவிந்து, மணல்திட்டுகளுக்கு இடையே தாழ்வான ஒரு வாய்க்காலைப் பிடித்துக் கடலுக்குள் திரும்பும். மேட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, கலங்கி, நுரை வெளியே போய்க்கொண்டிருக்கும். அலை இல்லாத இடம் என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறார்கள். எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பெற்றோர் பாதுகாப்பு என்று தேடிப் பிடிக்கும் இடமே இழுப்பின் வாயாக இருக்கிறது. இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கைகால் ஓய்வதைத் தவிர வேறு பலன் இருக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, வெள்ளை அலை உடையும் பக்கம் வந்து, அந்த அலையோடு கரை சேரலாம்.

முட்டத்துக்கு வருபவர்கள் தண்ணீரில் இறங்குவதைவிடப் பாறையில் ஏறுவதுதான் அதிகம். படம் எடுக்க அருமையான இடம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாறையே எச்சரிக்கை சொல்லும், படிக்கத் தெரிந்தால் போதும். கீழே பச்சைப் பாசி படிந்த பகுதி தினமும் நனைவது. ரப்பர் செருப்போடு அதில் கால் வைத்தால் சறுக்கும். அதற்கு மேலே கருத்த பட்டை, அடிக்கடி அலை ஏறுமிடம். குழிகளில் தண்ணீரோ காய்ந்த உப்போ தெரிந்தால் அலை அதுவரை வந்து போயிருக்கிறது. அதற்கும் மேலே, புல் முளைத்த இடத்தில் நின்றால் சூரியன் மறைவது அதே அழகோடுதான் தெரியும். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். எடுப்பவரின் கண் திரையில், நிற்பவரின் கண் கைப்பேசியில். கடலைப் பார்க்க ஆளே இல்லை.

தூண்டில் வளைவுகளும் அப்படித்தான். மீன்பிடி கிராமங்களில் கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கொட்டிய கற்களின் மேல் நடந்து முனைவரை போகிறார்கள். அது நடைபாதை அல்ல. கற்களுக்கு இடையே ஆள் இறங்கும் அளவுக்குச் சந்து இருக்கும். தவறி விழுந்து கால் சிக்கினால் மேலே அலை அடித்துக்கொண்டே இருக்கும். காலை எடுக்கக் கல்லைப் புரட்டவும் முடியாது.

பொழிமுகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழையாறு கடலில் சேரும் மணக்குடியிலும், குழித்துறைத் தாமிரபரணி சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஒரு பக்கம் அமைதியான ஆறு, மறுபக்கம் கடல், நடுவே மணல்மேடு என்று பார்க்க மிக அழகாக இருக்கும். நடந்தே அக்கரை போய்விடலாம் என்று தோன்றும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகப் பாய்ந்து வெளியேறும். எதிரே அலை வந்து மோதும். அடியில் மணல் மணிக்கு ஒரு வடிவம் எடுக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று இரண்டாள் ஆழம் இருக்கலாம். மணல்மேட்டின் விளிம்பும் அடியில் அரிபட்டு, நிற்கும்போதே பாளமாகச் சரியும். அதனால் விளிம்பில் நிற்கக் கூடாது. அழகை ரசிக்க மணக்குடிப் பாலமே போதும்.

குளித்தே ஆக வேண்டும், பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்பவர்களுக்குக் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தின் படித்துறைப் பகுதி ஒப்பீட்டளவில் நல்லது. பாறைகள் அலையை உடைத்துவிடுகின்றன, சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். எச்சரிக்கை உள்ள நாளில் அங்கேயும் வேண்டாம். கடலைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வட்டக்கோட்டையைச் சொல்வேன். ஊரிலிருந்து வடகிழக்கே ஆறேழு கி.மீ. தூரம். திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை. மதில்மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காற்றாலைகளும் மலையும். கிழக்கு நோக்கிய கரை என்பதால் கோடையில் தென்மேற்கு அலை அங்கே நேராக அடிக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கருமணல் நண்பகலில் கொதிக்கும் என்பதால் எந்தக் கடற்கரைக்கும் காலை பத்துக்குள் அல்லது மாலை நான்குக்குப் பிறகு போவதே நல்லது. செருப்பை வண்டியில் விட்டுவிட்டு வந்த குழந்தைகளின் பாதம் கொப்பளித்துவிடும்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடவில்லை என்றால் ஊழியர்களிடம் சண்டை போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடல் சீறினாலும் நிறுத்துவார்கள், நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள். நீர் தாழ்ந்தால் படகு பாறையில் தட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இப்படி நடப்பது அதிகம். சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்க வருபவர்கள் படகுப் பயணத்தை மறுநாளுக்கும் தள்ளிவைக்கத் தோதாகத் திட்டமிட்டால் ஏமாற்றம் இராது. 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட, பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்குப் போகவும் அந்தப் படகைத்தான் பிடித்தாக வேண்டும்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிப்பதுதான் ஒரு சாவைப் பல சாவாக்குகிறது. கூட்டமாக வந்த நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கிறார்கள். குதிக்க வேண்டாம்; மிதக்கும் பொருளை எறியுங்கள். மூடி இறுக்கிய வெறும் இருபது லிட்டர் கேன் ஓர் ஆளைத் தாங்கும். வண்டியில் ஒரு கேனும், அதன் காதில் கட்டிய இருபது மீட்டர் கயிறும் இருந்தால் அதுவே உயிர்காக்கும் கருவி. ஒருவர் கையைக் காட்டி, மிதப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அலைக்கு நடுவே தலை மறைந்தால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம். இன்னொருவர் அருகிலுள்ள வள்ளக்காரர்களை அழைக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வாந்தியை மூச்சுக்குழாயில் தள்ளிவிடும். மூச்சில்லை என்றால் தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சைக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியும்.

காப்பாற்ற முதலில் ஓடி வருபவர்கள் அந்தக் கரையில் தொழில் செய்பவர்கள்தான். அவர்கள் வெறுங்காலோடு கரைமடி இழுக்கும் மணலில் மது பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவது எந்த விதத்திலும் பொறுக்கத்தக்கதல்ல. கரையில் நடந்த சாவுகளின் பின்னணியிலும் மது பலமுறை இருந்திருக்கிறது.

இனி பலகைகள். "இங்கு குளிக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை" என்று ஆண்டு முழுவதும் ஒரே வாசகத்தோடு நிற்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. கடல் நன்றாக இருக்கும் மார்கழியிலும் அதே வாசகம், கள்ளக்கடல் வரும் சித்திரையிலும் அதே வாசகம் என்றால் அதற்கு என்ன மதிப்பு? பலகை பெரும்பாலும் வாகன நிறுத்துமிடத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் எழுத்து உரிந்துவிட்டது. முன்வாசலைக் கயிறு கட்டி அடைத்தாலும் தென்னந்தோப்பு வழியே நூறு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பக்கத்தில் கேரளத்துக் கோவளத்தில் உயிர்காப்பாளர்கள் கரையிலேயே நின்று, சிவப்புக்கொடி நட்டு, விசில் ஊதித் திருப்பி அனுப்புகிறார்கள். நம் மாவட்டத்திலும் ஒரு கோவளம் இருக்கிறது, சென்னைக்குத் தெற்கேயும் ஒன்று இருக்கிறது. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற சென்னைக் கோவளத்திலும் உயிர்காப்பாளர் உண்டு. நாங்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டம் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் கடலை நோக்கி ஒரு கொடிக்கம்பம். இன்காய்ஸ் எச்சரிக்கையின் நிறத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு ஏற்றும் கொடி. ஏப்ரல் தொடங்கி ஆடி முடியும்வரை அந்தந்த ஊர் மீனவ இளைஞர்கள் இருவருக்குப் பயிற்சியும் கூலியும் மிதவையும். கடலை அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பலகையில் தடைக்குப் பதிலாகக் காரணம் எழுதட்டும். "மூன்றாம் அடியில் ஆழம், திரும்பும் தண்ணீர் இழுக்கும்" என்று எழுதிப் படமும் வரைந்தால் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

பத்திரிகை செய்யக்கூடியது இதைவிட எளிது. நாள்தோறும் சூரிய உதயம், அஸ்தமனம் அச்சிடும் இடத்தில் நான்கு வரி கூடுதலாக வேண்டும். "குமரி மாவட்டக் கடற்கரை, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்ற தலைப்பு, எச்சரிக்கையின் நிறம், அலை இடைவெளி எத்தனை நொடி, எந்த நேரம் தொடங்கி எந்த நேரம்வரை. எச்சரிக்கை இல்லாத நாளில் "எச்சரிக்கை இல்லை" என்றே போடுங்கள். அப்போதுதான் இருக்கும் நாளில் வாசகர் கண் அங்கே போகும். சுற்றுலாக் கட்டுரை வரும் ஞாயிறன்று, கடற்கரையின் படத்துக்கு நேர் கீழேயே அந்த நான்கு வரியும் இருக்கட்டும். வரும் சித்திரைக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கணபதிபுரம் வட்டாரம், குமரி மாவட்டம்.